நார்மண்டி நோட்டு

1943 நவம்பர். பசிபிக் கடலில் மாக்கின் தீவு. இரவு முழுக்க ஜப்பானியர் அலை அலையாக வந்து மோதி ஓய்ந்த மறுநாள், அமெரிக்காவின் 165ஆவது காலாட்படை ரெஜிமென்டில் ஒரு மெஷின்கன்னை வைத்துத் தகராறு கிளம்பியது. அதிகாரி ஒன்று சொன்னார், சிப்பாய்கள் வேறொன்று சொன்னார்கள். போரின் வரலாற்றைப் பதிவு செய்யவென்றே ராணுவம் அங்கே ஒருவரை அனுப்பியிருந்தது. அவர் எஸ்.எல்.ஏ. மார்ஷல், டெட்ராய்ட்டில் பத்திரிகையாளராக இருந்தவர். உயிர் பிழைத்த எல்லோரையும் ஓரிடத்தில் உட்காரவைத்து, முதல் குண்டிலிருந்து வரிசையாகக் கேட்கத் தொடங்கினார். நீ எங்கே இருந்தாய்? யாரைப் பார்த்தாய்? அடுத்து என்ன கேட்டது?

அந்த வட்டத்தில் பதவிக்கு இடமில்லை. கேப்டன் சொல்வதைக் கடைநிலைச் சிப்பாய் எழுந்து மறுக்கலாம். சண்டையில் ஒருவன் காண்பது தன்னைச் சுற்றிச் சில கஜ தூரம்தான். பக்கத்துப் பள்ளத்தில் இருந்தவன் ஏன் சுடுவதை நிறுத்தினான் என்பது அவனுக்குத் தெரியாது. ஒருவன் விட்டதை இன்னொருவன் சொல்ல, மூன்றாமவன் திருத்த, உடைந்த சட்டியின் ஓடுகளைப் பொருத்துவதுபோல அந்த இரவு ஒன்றுசேர்ந்தது. அதையெல்லாம் வாங்கிக்கொண்டது நோட்டு.

மார்ஷல் அந்த முறையை ஐரோப்பாவுக்கும் கொண்டுபோனார். 1944 ஜூன் 6 அன்று பிரான்ஸின் நார்மண்டியில், ஒமாஹா கடற்கரையில் அமெரிக்கப் படைகள் இறங்கின. ஃபாரஸ்ட் போக் என்ற வரலாற்றாசிரியர், அப்போது சார்ஜென்ட், கரைக்கு அப்பால் நின்ற கப்பலில் காயம்பட்டுக் கிடந்தவர்களிடம் பேசிக் குறிப்பெடுத்தார். மார்ஷலும் அவரது குழுவினரும் பிற்பாடு பிழைத்தவர்களைக் கூட்டிக் கேட்டார்கள். இந்தக் கட்டுரையின் நாயகனான நோட்டு நிறைந்தது அப்போதுதான்.

முதல் அலையில் இறங்கிய 116ஆவது ரெஜிமென்டின் ஏ கம்பெனி ஆறு படகுகளில் வந்தது. வெர்ஜீனியாவின் பெட்ஃபோர்ட் என்ற சிற்றூரின் பிள்ளைகள் பலர் அதில் இருந்தார்கள். படகின் முன்கதவு இறங்கியதும் ஜெர்மானியரின் மெஷின்கன் குண்டுகள் நேராக உள்ளே பாய்ந்தன. பத்து நிமிஷத்துக்குள் அதிகாரிகளும் சார்ஜென்ட்களும் ஏறக்குறைய எல்லோரும் செத்தார்கள் அல்லது காயம்பட்டார்கள். மணலில் விழுந்த காயம்பட்டவர்கள் ஏறிவந்த கடலில் மூழ்கினார்கள். மற்றவர்கள் மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே இருக்க, அலையோடு அலையாக ஊர்ந்து கரை சேர்ந்தார்கள். கம்பெனித் தலைவர் கேப்டன் டெய்லர் ஃபெல்லர்ஸ் வந்த படகின் கதை மட்டும் நோட்டில் இல்லை. அதைச் சொல்ல ஒருவரும் பிழைக்கவில்லை. யாருக்கும் தெரியாது என்பதைத் தெரியாது என்றே பதிவு செய்தார்கள். வாய்க்கு வந்ததை வைத்து அந்த இடத்தை நிரப்பாமல் விட்டது இந்த வேலையின் மிகப் பெரிய நேர்மை என்று நினைக்கிறேன்.

1945இல் ராணுவம் ஒமாஹா பற்றிய அதிகாரபூர்வ நூலை வெளியிட்டது. முன்னேறிக் குன்றேறியவர்களின் கதை அதில் விரிந்தது. தண்ணீரோரத்திலேயே அழிந்தவர்களின் துயரம் சுருங்கிப்போனது. நோட்டு மார்ஷலிடமே இருந்தது. 1960 நவம்பரில்தான் அதைப் பிரித்து ‘அட்லாண்டிக்’ இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். ஆண்டுகள் ஓட ஓட ஒமாஹாவின் கொடூரம் மழுங்கிவிட்டது என்பதே அவர் குறை. பதினாறு வருஷம் கழித்து ஏ கம்பெனியின் கதை பொதுமக்களை எட்டியது.

ஆனால் நோட்டின் பயணம் அங்கே முடியவில்லை. 1947இலேயே மார்ஷல் ஒரு நூலில், சண்டையில் நான்கில் ஒரு பங்கு வீரர்கள்கூட எதிரியைச் சுடுவதில்லை என்று எழுதியிருந்தார். நானூறு கம்பெனிகளைப் பேட்டி கண்டதாகச் சொன்னார். ராணுவம் அதை நம்பியது. வட்டக் குறிக்குப் பதிலாகத் திடீரென எழும் மனித உருவங்களைச் சுடும் பயிற்சி வந்ததில் அந்த வாதத்துக்கும் பங்குண்டு என்பார்கள். 1977இல் அவர் இறந்தார். 1988இல் ரோஜர் ஸ்பில்லர் என்ற வரலாற்றாசிரியர், மிஞ்சியிருந்த களக் குறிப்பேடுகளைப் புரட்டினார். எத்தனை பேர் சுட்டார்கள் என்ற கணக்கு அவற்றில் எங்குமே இல்லை. பேட்டிகளில் கூடவே இருந்த உதவியாளர் ஜான் வெஸ்டோவருக்கும் அப்படியொரு கேள்வி கேட்கப்பட்டதாக நினைவில்லை.

மார்ஷலின் நூல்களை இதற்காகத் தூக்கியெறிய வேண்டியதில்லை. அவற்றை அவரது நோட்டோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். 1960 கட்டுரையில் தேர்ந்த பத்திரிகையாளரின் கைவண்ணம் இருக்கிறது. 1944 பேட்டிகளைத் தட்டச்சு செய்த தாள்களில் அது கிடையாது. வாக்கியங்கள் கரடுமுரடு, சொன்னதையே திரும்பச் சொல்கிறார்கள். ஒமாஹாவைப் படிக்க வருகிறவர் யாரானாலும் அந்தத் தாள்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். இரண்டாம் உலகப் போரின் களப் பேட்டிகள் மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில், தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் படிக்கலாம்.