ஹென்ட்ரிக்ஸ் கதையும் மூணு தந்தி கும்ப்ரியும்

மொராக்கோவில் எஸ்ஸவீரான்னு ஒரு கடற்கரை ஊர். அங்க சுத்தற கதை ஒண்ணு உண்டு: ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வந்தார், பக்கத்துல இடிஞ்சு கிடந்த கோட்டையைப் பார்த்தார், 'காசில்ஸ் மேட் ஆஃப் சாண்ட்' பாட்டு பிறந்தது. தேதியைப் பாருங்க. அவர் அங்க போனது 1969 கோடையில். பாட்டு வெளியானது 1967 டிசம்பரில். கேஸ் க்ளோஸ்.

ஆனா இந்தக் கதை யாரை மறைக்குதுங்கறதுதான் எனக்கு உறுத்துது. அந்த ஊருக்கு க்னாவா இசைன்னு ஒண்ணு ஏற்கெனவே இருந்தது. சஹாராவைத் தாண்டி அடிமைகளா இழுத்து வரப்பட்ட மேற்கு ஆப்பிரிக்க மக்களோட வழிவந்தது அது. அவங்க சடங்குக்குப் பேர் 'லீலா'. நம்ம லீலை இல்ல, அரபியில் இரவு. ராத்திரி முழுக்க ஆவிகளை ஒவ்வொண்ணா அழைப்பாங்க. ஒவ்வொண்ணுக்கும் தனி நிறம், தனி சாம்பிராணி, தனி மெட்டு. அருள் வந்து ஆடுவாங்கன்னு சொல்றோமே, அதே நிலைதான். வாசிக்கற ஆசான், 'மாலெம்', கண்ணை ஆடறவர் மேலயே வச்சிருப்பார். அந்த மெட்டு எத்தனை தடவை சுத்தணும்னு முன்னாடியே யாருக்கும் தெரியாது. புரோகிராமர் பாஷையில் சொன்னா, லூப் எப்போ முடியணுங்கற கண்டிஷன் ஆடறவர் உடம்புல இருக்கு.

கருவி கும்ப்ரி. குடைஞ்ச மரக்கட்டை, மேல ஒட்டகத்தோல், மூணு தந்தி. ஒரே கை தந்தியையும் மீட்டும், தோலையும் தட்டும். பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் ஒரே ஆளு! கழுத்து நுனியில் வளையம் கோர்த்த தகடு ஒண்ணு 'ஜிர்'ருன்னு அதிரும். ராக்காரங்க பெடலை மிதிச்சுக் கொண்டுவர்ற கரகரப்பு இதுல பிறவியிலேயே இருக்கு. கூடவே இரும்புச் சிப்ளாக்கட்டைகள். அது அடிமைச் சங்கிலியோட ஓசைன்னு சொல்றதும் உண்டு.

இதை இளைஞர் மேடைக்குக் கொண்டுவந்ததில் முக்கியமானவர் பாக்கோ. முழுப்பேர் அப்தெர்ரஹ்மான் கிரூஷ், எஸ்ஸவீராக்காரர். 1970களில் காசாபிளாங்காவோட 'நாஸ் எல் கிவான்' குழுவில் கும்ப்ரி வாசிச்சார். அங்க எலக்ட்ரிக் கிட்டாரே கிடையாது. ஆனாலும் 1981ல் வந்த 'டிரான்ஸஸ்' ஆவணப்படத்துல கூட்டம் படற பாட்டைப் பார்த்தா, ராக் கச்சேரின்னுதான் சொல்வீங்க.

1994ல் லெட் செப்பலினோட பேஜும் பிளான்ட்டும் மராகேஷ் போய் க்னாவா கலைஞர்களோட பதிவு பண்ணாங்க. நல்ல பாட்டுகள்தான், ஆனா விருந்தாளி வாசிப்பு.

எனக்குப் பிடிச்சது 'பாப் எல் ப்ளூஸ்'. 2020ல் வந்த 'நாய்தா!' ஆல்பத்துல கும்ப்ரி நேரா ஆம்ப்ளிஃபையருக்குள்ள போகுது. ராக் கிட்டார் நிக்கவேண்டிய இடத்துல அதோட சின்ன வடிவமான அவீஷா. வாசிச்சுப் பாடறது யுஸ்ரா மன்சூர், ஒரு பெண். தலைமுறை தலைமுறையா ஆண்கள் கையிலேயே இருந்த கருவிக் குடும்பம் இது, ஞாபகம் வச்சுக்கங்க. லீலாவில் விடியவிடிய ஓடற சுழற்சி இங்க சில நிமிஷத்துல முடியுது. இது இழப்புதான், மழுப்ப மாட்டேன். அங்க ஆடறவருக்காக வாசிச்சாங்க. இங்க யாருக்காகன்னு அவங்களே புதுசா முடிவு பண்ண வேண்டியிருக்கு.

கேக்கறதா இருந்தா ஹெட்போன் போட்டுக்கங்க. போன் ஸ்பீக்கர்ல கும்ப்ரி காணாமப் போயிடும், சிப்ளாக்கட்டை மட்டும்தான் மிஞ்சும்.