தொட்டியும் குடமும்: யூஎஸ்பி எப்படி ஒரு அளவுக் கருவி ஆச்சு?

இன்னைக்கு நாம பேசப் போறது உங்க லேப்டாப் ஓரத்துல இருக்கற யூஎஸ்பி போர்ட்டைப் பத்தி. அதுல பென் டிரைவ் சொருகறோம், மவுஸ் மாட்டறோம், போன் சார்ஜ் போடறோம். அதே போர்ட்ல உள்ளங்கை அளவுல ஒரு டப்பாவை மாட்டினா, ஒரு சர்க்யூட்ல ஓடற 8 வயர்களை நொடிக்கு 2 கோடியே 40 லட்சம் தடவை பார்த்து, பார்த்ததை அப்படியே கம்ப்யூட்டருக்கு அனுப்பும்.

இதுல வேடிக்கை என்னன்னா, யூஎஸ்பியை உருவாக்கினவங்க அதை அளக்கறதுக்காக உருவாக்கல. சொல்லப்போனா அளக்கறதுக்குக் கொஞ்சமும் ஒத்துவராத ஒரு குணம் அதுக்கு இருக்கு. சரியா எந்த நேரத்துக்கு வரும்னு உறுதியாச் சொல்ல முடியாது. நேரத்துக்கு வராத ஒண்ணை நம்பி, நேரம் தப்பாம அளக்கறது எப்படி? அந்தக் கேள்வியோட வரலாறுதான் இந்த எபிசோடு.

68 கிலோ பெட்டி

முதல்ல, அளக்கறதுன்னா என்ன? பாலத்தோட அதிர்வு, இன்ஜினோட சூடு, இதயத்துடிப்பு, எதுவா இருந்தாலும் சென்சார் அதை மின்னழுத்தமா மாத்திக் கொடுக்குது. அந்த மின்னழுத்தம் ஆறு மாதிரி விடாம ஓடிட்டே இருக்கும். கம்ப்யூட்டருக்கு ஆறு புரியாது, எண்கள்தான் புரியும். அதனால குறிப்பிட்ட இடைவெளியில ஒவ்வொரு தடவையும் அளந்து, அந்த அளவை எண்ணா எழுதணும். இப்படி எடுக்கற ஒவ்வொரு அளவுக்கும் பேர் சாம்பிள். இதைச் செய்யற பாகத்துக்குப் பேர் அனலாக் டு டிஜிட்டல் கன்வர்ட்டர், சுருக்கமா ஏடிசி.

இதுல ரெண்டு விஷயம் முக்கியம். ஒண்ணு, போதுமான வேகம். சினிமாவுல கார் சக்கரம் பின்னாடி சுத்தற மாதிரி தெரியும், பார்த்திருப்பீங்க. கேமரா நொடிக்கு 24 படம்தான் எடுக்குது, சக்கரம் அதைவிட வேகமா மாறுது, அதான் காரணம். சிக்னல்ல இருக்கற மிக வேகமான அசைவை விட ரெண்டு மடங்குக்கு மேல வேகமா அளந்தாதான் உண்மை கிடைக்கும். பெல் லேப்ஸ்ல வேலை பார்த்த ஹாரி நைக்விஸ்ட் 1928ல எழுதின கட்டுரையில இதுக்கு அடித்தளம் இருக்கு. 1949ல கிளாட் ஷானன் இதைத் தெளிவான தேற்றமா எழுதினார்.

ரெண்டாவது விஷயம், இடைவெளி சமமா இருக்கணும். நடுவுல ரெண்டு சாம்பிள் விட்டுப்போச்சுன்னா, மிச்சம் இருக்கற எண்கள் ஒவ்வொண்ணும் சரியா இருந்தாலும் படம் பொய்யாயிடும். இதை ஞாபகம் வெச்சுக்கங்க, கடைசியில வேணும்.

1954ல அமெரிக்காவோட எப்ஸ்கோ கம்பெனி டாட்ராக்னு ஒரு ஏடிசியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதை வடிவமைச்சவர் பெர்னார்ட் கோர்டன். முழுக்க வேக்யூம் ட்யூப்ல ஓடற பெட்டி. நொடிக்கு 50,000 சாம்பிள், ஒவ்வொண்ணும் 11 பிட். எடை 150 பவுண்டு, அதாவது சுமார் 68 கிலோ. 500 வாட் மின்சாரம் இழுக்கும். விலை 8,000 டாலருக்கு மேல. இன்னைக்கு உங்க போன் மைக்கோட சிப் கிட்டத்தட்ட அதே வேகத்துல அளக்குது. ஆனா அன்னைக்கு அப்படி அளக்கணும்னா உங்க பின்னாடி ஒரு பெரிய ஆய்வுக்கூடமோ அரசாங்கமோ இருக்கணும்.

மெதுவானவருக்காக எல்லாரும் காத்திருந்த காலம்

அடுத்த பிரச்சினை கருவியையும் கம்ப்யூட்டரையும் இணைக்கறது. 60கள்ல ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தனி வயரிங். ஹியூலெட் பேக்கார்ட் இன்ஜினியர்கள் இதுக்கு ஒரு பொதுக் கம்பியை உருவாக்கினாங்க. 1975ல அது ஐட்ரிபிள்ஈ 488ங்கற தரநிலையாச்சு. ஜிபிஐபின்னு சொன்னா லேப்ல வேலை பார்க்கறவங்களுக்கு உடனே தெரியும். ஒரு கம்பியில 15 கருவிகள் வரைக்கும் மாட்டலாம். பிளக் மேல பிளக்கா அடுக்கிக்கிட்டே போகலாம்.

எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சது அதோட நாகரிகம். ஒருத்தர் பேசுவார், மத்தவங்க கேப்பாங்க, ஒருத்தர் நிர்வாகம் பண்ணுவார். ஒரு பைட் அனுப்பினா, கேக்கற எல்லாரும் "வாங்கிட்டேன்"னு சொன்ன பிறகுதான் அடுத்த பைட் போகும். அதாவது கூட்டத்துல யார் மெதுவோ, அவரோட வேகம்தான் எல்லாருக்கும். எதுவும் தொலையாது. ஆனா நொடிக்கு சுமார் ஒரு மெகாபைட்தான் உச்சம்.

டெக்ஸஸ் மாநிலம் ஆஸ்டின்ல ஜேம்ஸ் ட்ருச்சார்ட், ஜெஃப் கொடோஸ்கி, பில் நவ்லின்னு மூணு பேர் 1976ல நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்னு கம்பெனி ஆரம்பிச்சாங்க. அவங்களோட முதல் பொருளே மினிகம்ப்யூட்டரை ஜிபிஐபியோட இணைக்கற ஒரு கார்டுதான். பத்து வருஷம் கழிச்சு, 1986ல, மெக்கின்டாஷ்ல லேப்வியூவைக் கொண்டு வந்தாங்க. புரோகிராமை எழுதாம, படமா வரையற மென்பொருள். கம்ப்யூட்டர் திரையே கருவியோட முகப்பா மாற ஆரம்பிச்சது அங்கதான்.

இன்னும் வேகம் வேணும்கறவங்க கம்ப்யூட்டர் மூடியைக் கழட்டி, உள்ளேயே ஏடிசி கார்டைச் சொருகினாங்க. கார்டுல இருக்கற குட்டி ஸ்விட்சுகளை வெச்சு முகவரியைச் செட் பண்ணணும். சவுண்ட் கார்டோட முகவரியும் அதுவும் ஒண்ணாயிட்டா ரெண்டுமே வேலை செய்யாது. போதாததுக்கு, கம்ப்யூட்டர் உள்ள மின்சார இரைச்சல் அதிகம். நுணுக்கமா அளக்கறதுக்கு அதைவிட மோசமான இடம் கிடைக்காது. அப்புறம் எல்லாரும் லேப்டாப்புக்கு மாறினாங்க. அதுல கார்டு சொருக இடமே இல்ல.

கீபோர்டுக்காக வந்த கம்பி

இந்த நேரத்துல இன்டெல்ல வேற ஒரு வேலை நடந்துட்டு இருந்தது. பிரிண்டருக்கு ஒரு போர்ட், மவுஸுக்கு ஒண்ணு, மோடத்துக்கு ஒண்ணுன்னு இருந்த குழப்பத்தைத் தீர்க்க நினைச்சாங்க. அந்தக் குழுவுல முக்கியமானவர் அஜய் பட், பரோடாவுல படிச்சவர். இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐபிஎம், காம்பேக் உள்பட ஏழு கம்பெனிகள் சேர்ந்து 1996 ஜனவரியில யூஎஸ்பி 1.0ஐ வெளியிட்டாங்க. வேகம் நொடிக்கு 12 மெகாபிட், அதாவது கணக்குப்படி பார்த்தா ஒன்றரை மெகாபைட். 2000 ஏப்ரல்ல யூஎஸ்பி 2.0 வந்தது. 480 மெகாபிட். ஒரே தாவுல 40 மடங்கு.

ஆனா அந்தக் குணம் மாறல. யூஎஸ்பியில கருவி தானா வாயைத் திறக்க முடியாது. "உன்கிட்ட ஏதாவது இருக்கா?"ன்னு கம்ப்யூட்டர் கேக்கணும், அப்பதான் பதில் சொல்லலாம். கீபோர்டுக்கு இது போதும். நீங்க 'அ' அடிச்சு சில மில்லிசெகண்ட் கழிச்சுத் தெரிஞ்சா யாருக்கும் நஷ்டம் இல்ல. ஆனா ஏடிசி யாருக்காகவும் நிக்காது. கம்ப்யூட்டர் கேட்டாலும் கேக்காட்டியும் அடுத்த சாம்பிள் வந்துக்கிட்டே இருக்கும்.

யூஎஸ்பி இதுக்கு ரெண்டு வழி கொடுத்தது. ஒண்ணுல நேரம் உறுதி, ஆனா வழியில டேட்டா கெட்டுப்போனா மறுபடி அனுப்பாது. மைக், வெப்கேம் எல்லாம் இந்த வகை. இன்னொண்ணுல டேட்டா கெட்டா மறுபடி அனுப்பும், ஆனா எப்ப வரும்னு உறுதி இல்ல. ஹார்ட் டிஸ்க், பிரிண்டர் இந்த வகை. இனி நான் சொல்லப் போற கருவிகள் ரெண்டாவதைத் தேர்ந்தெடுத்தாங்க. லேட்டா வந்தாலும் பரவாயில்ல, தப்பா வரக்கூடாது.

தொட்டியும் குடமும்

லேட்டை எப்படிச் சமாளிச்சாங்க? நம்ம ஊர் தண்ணி கதைதான்.

மூடவே முடியாத ஒரு குழாய். தண்ணி ஒரே சீரா கொட்டிட்டே இருக்கு. அதான் ஏடிசி. நீங்க குடத்தோட வர்றீங்க, ஆனா எப்ப வருவீங்கன்னு உங்களுக்கே தெரியாது. அதான் கம்ப்யூட்டர். நடுவுல என்ன வேணும்? ஒரு தொட்டி. குழாய் தொட்டியில கொட்டும், நீங்க வர்றப்ப மொண்டுக்கலாம். இந்தத் தொட்டிக்கு இன்ஜினியர்கள் வெச்ச பேர் ஃபைஃபோ. முதல்ல வந்தது முதல்ல போகும்.

சைப்ரஸ் செமிகண்டக்டரோட எஃப்எக்ஸ்2ங்கற யூஎஸ்பி 2.0 சிப் இதைத்தான் செஞ்சது. உள்ள இருக்கறது 1980ல இன்டெல் கொண்டு வந்த 8051 வகைப் பழைய பிராசஸர். அந்த வேகத்துக்கு டேட்டாவைத் தூக்கிக் கொடுக்க அதால முடியாது. அதனால டேட்டா அதைத் தொடாமலே வெளியிலிருந்து நேரா தொட்டிக்குள்ள விழுந்து, அங்கிருந்து யூஎஸ்பிக்குப் போற மாதிரி வழி வெச்சாங்க. பிராசஸர் வாட்ச்மேன் மாதிரி. கேட்டைத் திறந்து விடும், மூட்டை தூக்காது.

அந்தத் தொட்டியோட அளவு 4 கிலோபைட். நொடிக்கு 24 மெகாபைட் கொட்டினா, நொடியோட பத்து லட்சத்துல 170 பங்கு நேரத்துல நிரம்பிடும். விண்டோஸோ லினக்ஸோ வேற வேலையில மாட்டினா பல மில்லிசெகண்ட் கூட வராம இருக்கும். அதனால இன்னொரு தந்திரம். ஒரு குடம் நிரம்பின பிறகு அடுத்த குடத்தைத் தேடாம, நிறைய காலிக் குடங்களை முன்கூட்டியே வரிசையில போட்டு வைக்கறது. கம்ப்யூட்டர்ல இருக்கற யூஎஸ்பி கன்ட்ரோலர் சிப், ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுப்பாமலே ஒவ்வொண்ணா நிரப்பிட்டே போகும். குழாயடியில குடத்தை வரிசையில வெச்சுட்டு வீட்டுக்குப் போய் சமையலை முடிச்சுட்டு வர்ற அதே யோசனை.

இதுல ஒரு பெரிய மாற்றம் ஒளிஞ்சிருக்கு. நேரம் பார்க்கற பொறுப்பு கம்பிகிட்டயும் இல்ல, கம்ப்யூட்டர்கிட்டயும் இல்ல. கருவியில இருக்கற கடிகாரம்தான் இடைவெளியைக் காப்பாத்துது. கம்ப்யூட்டரை "நேரத்துக்கு வா"ன்னு கெஞ்சறதை விட்டுட்டாங்க. ஜிபிஐபியில மெதுவானவருக்காக எல்லாரும் காத்திருந்தாங்க. இங்க யாரும் யாருக்காகவும் காத்திருக்கல, நடுவுல தொட்டி காத்திருந்தது.

இதுக்கு அப்புறம்தான் விலை சரிஞ்சது. 2008ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச சேலியே கம்பெனி, இந்தச் சிப்பை வெச்சு 8 சேனல் லாஜிக் அனலைசர் கொண்டு வந்தது. விலை 149 டாலர். ஆரம்பத்துல நான் சொன்ன டப்பா இதுதான். ஆனா ஒண்ணு, இது வோல்டேஜ் எவ்வளவுன்னு சொல்லாது. வயர்ல இருக்கறது ஒண்ணா பூஜ்யமான்னு மட்டும் சொல்லும். டிஜிட்டல் சர்க்யூட்ல தப்பு கண்டுபிடிக்க அது போதும். எஃப்எக்ஸ்2ல புரோகிராம் நிரந்தரமா இருக்கணும்னு அவசியம் இல்ல, மாட்டும்போது கம்ப்யூட்டர்லேர்ந்து ஏத்திக்கலாம். அதனால சிக்ரோக் திட்டத்துக்காரங்க திறந்த மூல ஃபர்ம்வேர் எழுதினாங்க. அந்தச் சிப் இருக்கற மலிவான போர்டு கிடைச்சா போதும், அனலைசர் ரெடி.

2012ல இன்னும் ஒரு படி. டிவி பார்க்கறதுக்காக வித்த ஒரு யூஎஸ்பி டாங்கிள், எஃப்எம் ரேடியோவுக்காக சாம்பிள்களை அப்படியே கம்ப்யூட்டருக்கு அனுப்புதுன்னு கண்டுபிடிச்சாங்க. நொடிக்கு 20 லட்சத்துக்கு மேல சாம்பிள். விமானங்கள் அனுப்பற சிக்னலைப் பிடிக்கறதுலேர்ந்து செயற்கைக்கோள் படம் வாங்கறது வரைக்கும் அதுல பண்ணாங்க. ஆர்டிஎல் எஸ்டிஆர்னு உலகம் முழுக்கத் தெரியும்.

"ஓ" எழுத்தோட மதிப்பு

இப்ப முதல்ல ஞாபகம் வெச்சுக்கச் சொன்ன விஷயத்துக்கு வரேன். தொட்டி நிரம்பி வழிஞ்சா என்ன ஆகும்?

மேட் எட்டஸ் உருவாக்கின யூஎஸ்ஆர்பிங்கற ரேடியோ கருவியை எடுத்துக்கங்க. அதோட முதல் மாடல்ல 4 ஏடிசி, ஒவ்வொண்ணும் நொடிக்கு 6 கோடியே 40 லட்சம் சாம்பிள். ஆனா யூஎஸ்பி 2.0 வழியா வெளிய வந்தது நொடிக்கு 32 மெகாபைட்தான். உள்ள இருக்கற எஃப்பிஜிஏ சிப் தேவையான அலைவரிசையை மட்டும் பிரிச்செடுத்து, மிச்சத்தைக் கழிச்சிடும். அதையும் கம்ப்யூட்டர் வாங்கத் தவறினா? திரையில "ஓ"ங்கற ஆங்கில எழுத்து வரும். ஓவர்ரன், வழிஞ்சு போச்சுன்னு அர்த்தம். நிலைமை மோசமா இருந்தா திரை முழுக்க ஓ, ஓ, ஓ.

பார்க்கச் சிரிப்பா இருக்கும். ஆனா என்னைக் கேட்டா இந்த வரலாற்றுலயே மிகப் பெரிய நேர்மை அந்த ஒரு எழுத்துதான். அது இல்லன்னா மென்பொருள் என்ன செய்யும்? தொலைஞ்ச இடத்தோட ரெண்டு ஓரத்தையும் ஒட்டிடும். கிராஃப் அழகா, வழவழன்னு வரும். எண்கள் எல்லாம் உண்மை, நடுவுல காணாமப் போன நேரம் மட்டும் எங்கயும் இருக்காது. ஒரு மோட்டாரோட அதிர்வை அளக்கறவர் அதை நம்பி, கெட்டுப்போன பேரிங்கை நல்லா இருக்குன்னு எழுதிடலாம்.

2008 நவம்பர்ல யூஎஸ்பி 3.0 வந்தது, நொடிக்கு 5 கிகாபிட். தொட்டியும் பெருசாச்சு, குழாயும் பெருசாச்சு. வழியற ஆபத்து மட்டும் அப்படியே இருக்கு. அதனால ஒரு யூஎஸ்பி கருவி வாங்கப் போறீங்கன்னா ரெண்டு கேள்வி கேளுங்க. அட்டையில போட்டிருக்கற வேகம் விடாம அனுப்பற வேகமா, இல்ல உள்ள இருக்கற மெமரி நிரம்பற வரைக்கும் மட்டுமா? ரெண்டுமே நியாயமான முறைதான், ஆனா ஒண்ணு இல்ல. அப்புறம், டேட்டா தொலைஞ்சா அது வாயைத் திறந்து சொல்லுமா?

68 கிலோ பெட்டியிலேர்ந்து சட்டைப் பைக்கு வந்ததுல, அளக்கற உரிமை பணம் இருந்தவங்க கையிலேர்ந்து நம்ம கைக்கு வந்திருக்கு. அளந்தது உண்மையான்னு பார்த்துக்கற வேலையும் அதோட சேர்ந்தே வந்திருக்கு. அன்னைக்கு அதுக்குன்னு லேப்ல தனியா ஆள் இருந்தாங்க. இன்னைக்கு அந்த ஆள் நீங்கதான்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.