படகின் அடிப்பலகை சொல்லும் வரலாறு



"ராஜுலா" என்று சொன்னாலே நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் மாறும். 1926-ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல், நாகப்பட்டினத்திலிருந்து நம்மவர்களைப் பினாங்குக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் சுமந்து வந்து, 1970-களின் தொடக்கம்வரை ஓடியது. நாற்பது வருஷத்துக்கு மேல் உப்புத்தண்ணீரில் உழைத்ததென்றால் சும்மாவா? துருவைத் தட்டி, அடியைச் சுரண்டி, சாயம் பூசிய கைகள் எத்தனையோ! கப்பல் ஓட்டியவன் பெயர் ஏட்டில் இருக்கும். சுரண்டியவன் பெயரை யார் எழுதி வைத்தார்கள்?

மரக்கலத்துக்குப் பெரிய எதிரி புயல் அல்ல, கப்பல் புழு. புழு என்கிறோமே தவிர, அது நம் கோலசிலாங்கூர் கெராங்கைப் போன்ற சிப்பி இனம்தான். குஞ்சாக ஊசிமுனைத் துளையில் நுழைந்து, பலகைக்குள்ளேயே தின்று வளரும். வெளியே பார்த்தால் பலகை நல்லாத்தான் இருக்கும், உள்ளே சல்லடை! நல்ல தண்ணீரில் அது பிழைக்காது.

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீனாவிலிருந்து நம் மலாக்கா நீரிணை வழியாகத் தமிழகக் கரைக்குப் போன மார்க்கோ போலோ, அந்தக் காலத்துக் கப்பல்களின் வைத்தியத்தை எழுதியிருக்கிறார். சுண்ணாம்பையும் நறுக்கிய சணலையும் மர எண்ணெயில் பிசைந்து அடியில் பூசுவார்களாம். வருஷம் ஒருமுறை பழைய பலகைமேலேயே புதுப்பலகை அறைவார்களாம், ஆறு அடுக்கு வரைக்கும்! பலகை இடுக்கை அடைக்கும் வேலைக்கு நம் கடற்கரைத் தமிழில் கலப்பத்து என்று பெயர். மலாய்க்காரர்கள் இதற்குக் கெலாம் மரப்பட்டையும் டாமாரும் வைத்தார்கள். டாமார் வேறெதுவும் அல்ல, நம் வீட்டில் புகை போடும் குங்கிலியத்தின் வகைதான்.

வெள்ளைக்காரன் கப்பலடியில் செம்புத்தகடு அடித்தான். புழு அண்டவில்லை, ஆனால் செம்பு கரைந்தது. 1824-ல் ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானி, துத்தநாகம் அல்லது இரும்புத் துண்டைச் செம்போடு இணைத்தால் அந்தத் துண்டுதான் அரிபடும், செம்பு பிழைக்கும் என்று காட்டினார். காட்டியது சரிதான். ஆனால் செம்பு கரையாததால் கொட்டலசும் பாசியும் ஒட்டிக்கொண்டு கப்பல் நகர மறுத்தது! கடற்படை அந்த முறையைக் கைவிட்டது.

டேவியின் துண்டு மட்டும் சாகவில்லை. புக்கிட் ரோத்தான், ஈஜோக் பக்கத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போட ஃபைபர் படகு வாங்கியிருக்கிறீர்களா? இயந்திரத்தின் காலைக் குனிந்து பாருங்கள். சாம்பல் நிறத்தில் ஒட்டியிருக்கும் கட்டி அதுதான். அழகுக்காக அதன்மேல் சாயம் அடித்துவிடாதீர்கள், அடித்தால் வேலை செய்யாது. பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள். அதன் விலை சொற்பம், இயந்திரத்தின் விலை உங்களுக்கே தெரியும்.

ஃபைபருக்குக் கப்பல் புழு பயமில்லை, கொட்டலசு உண்டு. நம் கரையில் பெரிய வற்றுக்கும் ஏற்றத்துக்கும் நான்கு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். வற்று நேரத்தில் படகைக் கெட்டி மணலில் இருத்தி, தண்ணீர் ஏறுவதற்குள் அடியைச் சுரண்டிவிடலாம். துறைமுகத் தளம் இல்லாத காலத்துக் கப்பல்காரனும் இதையேதான் செய்தான். கடலுக்குப் போய் வந்தால் இயந்திரத்துக்குள் நல்ல தண்ணீர் ஓடவிட வேண்டும். உப்பு உள்ளே காய்ந்து தண்ணீர்ப் பாதையை அடைத்தால் இயந்திரம் சூடேறி நிற்கும். எங்கே நிற்கும்? ஆற்றுமுகத்தில், வற்றுநீர் வெளியே இழுக்கும்போது நிற்கும். படகில் பிள்ளைகளும் இருப்பார்கள்.

கரையில் நிற்கும் படகில் மழைத்தண்ணீர் தேங்காதிருக்க அடித்துவாரத்துத் தக்கையைக் கழற்றி வைப்பது வழக்கம். ஆற்றில் இறக்குமுன் அதை மாட்டினோமா என்று கேட்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். பெரியவர்கள் மறப்பார்கள், அதுகள் மறக்காது.