கவுனி அரிசி: விருந்தும் மருந்தும்

செட்டிநாட்டுத் திருமண விருந்தில் கவுனி அரிசி இனிப்பாகவே இலைக்கு வரும். ஊறவைத்து, குழைய வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்த்துக் கிளறுவர். இக்கருநிற அரிசியை நகரத்தார் பர்மாவிலிருந்து கொணர்ந்தனர் என்பது காரைக்குடி வட்டாரத்து வழக்கு.

1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ஐராவதி வடிநிலத்து நெல்லுக்கு ஐரோப்பியச் சந்தை விரிந்தது. அங்கே உழவருக்குக் கடன் கொடுத்தோருள் நகரத்தார் முதன்மையானோர். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் கடன் திரும்பவில்லை; ஈடாக நிலம் வந்தது. அப்பத்தாண்டின் இறுதியில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால்பங்கு விளைநிலம் அவர்களிடம் இருந்தது. 1942இல் ஜப்பானியர் நுழையவே பலரும் ஊர் திரும்பினர். பின்னர் நிலமும் போயிற்று. கவுனி மட்டும் ஆச்சிமாரின் அடுப்படியில் தங்கிவிட்டது.

இன்று அதே அரிசி நீரிழிவுக்கும் உடல் இளைப்புக்கும் மருந்தென விற்கப்படுகிறது. தவிடு நீங்காததால் அதில் நார்ச்சத்து உண்டு; கருநிறம் ஆந்தோசயனின் தந்தது. எனினும் அதுவும் மாவுப்பொருளே. வெள்ளைச் சோற்றைப் பகையென்றும் கறுப்புச் சோற்றைக் காப்பென்றும் கொள்வது, தன் உடலையே அஞ்சி உண்பதாகும். திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம்கூடப் பெரிதும் பேசுவது பசி, செரிமானம், அளவு ஆகியவற்றைத்தான். ஆச்சிமார் கவுனியை விருந்துநாளுக்கென வைத்தனர். வந்த நாளில் மகிழ்ந்து பரிமாறினர். அம்முறையில் அளவும் இருந்தது, அச்சம் இல்லை.