அல்சைமர்: மூளையில் இரு புரதங்கள், இரு வழிகள்

அல்சைமர் நோயாளியின் மூளையில் இரண்டு புரதங்கள் படிகின்றன. இறந்த பெண்ணொருவரின் மூளையை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்த ஜேர்மனிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர், 1906 இலேயே இவ்விரு படிவுகளையும் விவரித்தார். அமிலோயிட் நரம்புக்கலங்களுக்கு வெளியே திட்டுகளாகப் படியும். டௌ கலங்களுக்கு உள்ளே நார்ச்சிக்கலாகத் திரளும்.

பரவும் வழியும் ஒன்றல்ல. அமிலோயிட் முதலில் பெருமூளையின் மேற்பட்டையில் தோன்றி, பின்னரே உட்பகுதிகளுக்கு இறங்குகிறது. டௌ, புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகம்பஸை அண்டிய சிறு பகுதியில் தொடங்கி மேற்பட்டைக்குப் பரவுகிறது. இந்த வரிசையை 1991 இல் ஹைக்கோ, ஈவா பிராக் தம்பதியர் ஆறு படிநிலைகளாக வகுத்தனர். காலையில் சாப்பிட்டதை மறந்துவிடும் அம்மம்மா, தன் பள்ளிக்கூடக் கதையைப் பிசகாமல் சொல்வது பெரும்பாலும் இதனால்தான்.

மறதியின் போக்கு டௌவின் பாதையோடுதான் அதிகம் ஒத்துப்போகிறது. அமிலோயிட்டை அகற்றும் லெக்கானெமப் போன்ற மருந்துகள் நோயின் வேகத்தைச் சற்றுக் குறைக்கின்றன. அழிந்த கலங்களை மீட்பதில்லை.