முத்துக்குளித்துறையும் இலங்கையின் விடுதலையும்

1. நோக்கு

இலங்கையின் காலனி வரலாற்றைக் கொழும்புக் கோட்டையிலிருந்து எழுதுவதே வழக்கம். தூத்துக்குடிக்கு வடக்கே தருவைகுளம் கரையிலிருந்து நோக்கினால் அது வேறு உருக்கொள்கிறது. மன்னார் வளைகுடாவின் இரு கரைகளையும் ஐரோப்பியர் நெடுங்காலம் ஒரே களமாகவே நடத்தினர். அந்தப் பிணைப்பு அறுந்த விதத்தில்தான் தீவு பெற்ற விடுதலையின் குறையும் தொடங்குகிறது என்பது என் துணிபு.

2. பார்களும் கோட்டைகளும்

போர்த்துக்கீசியர் 1505இல் தீவை அடைந்தனர். 1530களில் இக்கரைப் பரதவர் அவர்களது பாதுகாப்பை நாடிக் கத்தோலிக்கம் தழுவினர். 1560இல் போர்த்துக்கீசியர் மன்னாரைப் பிடித்ததும், முத்துக்குளித்துறை எனப்பட்ட இக்கரையின் நிர்வாகத்தைப் புன்னைக்காயலிலிருந்து அங்கே மாற்றினார்கள். 1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது. 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம் மூன்றையும் ஒரே ஆண்டில் கைப்பற்றினர். அதன்பின் தூத்துக்குடியின் டச்சு அதிகாரிகள் கொழும்பு ஆளுநருக்குக் கீழ்ப்பட்டிருந்தனர். முத்துப்பார்கள், அதாவது முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டுகள், யாருக்கு என்பதே கோட்டைகளின் இடத்தைத் தீர்மானித்தது.

3. பிரிவு

1796இல் தீவின் கரையோரம் ஆங்கிலேயரிடம் வந்தது. சென்னையிலிருந்து அனுப்பப்பட்ட அதிகாரிகள் தென்னைமரத்துக்கும் வரி கேட்டார்கள். 1797இல் கிளர்ச்சி வெடித்தது. 1802இல் இலங்கை இக்கரையின் ஆட்சியிலிருந்து பிரிந்து, பிரித்தானிய முடியின் நேரடிக் குடியேற்றமாயிற்று. ஆண்ட கை ஒன்றே, ஆட்சி இரண்டு. பெரும்பாலான நூல்கள் ஓரிரு வரிகளில் கடக்கும் இந்த மாற்றத்தை நான் 1815இல் கண்டி வீழ்ந்ததற்கு இணையாக மதிக்கிறேன். கண்டியின் கடைசி மன்னன், மதுரை நாயக்கர் வழிவந்த ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன், வேலூர்ச் சிறையில் 1832இல் இறந்தான்.

4. விடுதலை

1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி தூத்துக்குடி–கொழும்பு வழியிலேயே ஆங்கிலேயரை எதிர்த்தது. தீவில் 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரானவர் ஒரு தமிழர், பொன்னம்பலம் அருணாசலம். பிரதிநிதித்துவப் பூசலில் விரைவிலேயே விலகினார். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் 1927இல் காந்தியை வரவேற்றது. ஆங்கிலேயரின் டொனமூர் அரசியலமைப்புச் சீர்திருத்தம் முழுச் சுயராஜ்யம் தரவில்லை என்று, 1931 தேர்தலை யாழ்ப்பாணத்தில் புறக்கணிக்கச் செய்தது. தீவின் மிகத் துணிச்சலான விடுதலைக் குரல் அதுவே.

1948 பிப்ரவரி 4 அன்று விடுதலை வந்தது. அதே ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தேயிலையால் தீவை வளர்த்த மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. இக்கரை மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து போனவர்களின் பிள்ளைகள் அவர்கள். இரு நாட்டு அரசுகளின் 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கணக்கு 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. அவர்களுடைய சம்மதத்தை எவரும் கேட்கவில்லை.

1976இல் மன்னார் வளைகுடாவிலும் எல்லைக்கோடு வரையப்பட்டது. இன்று அதைக் கடந்ததாகக் கைதாகும் தருவைகுளம் மீனவர் இலங்கை நீதிமன்றங்களில் நிற்கிறார்கள்.