லாஜாக் மிதிவண்டி

மலேசியாவில் பதின்ம வயதுப் பையன்கள் வேகத்துக்காக மாற்றியமைத்து ஓட்டும் சைக்கிள்; மலாயில் ‘பாசிக்கல் லாஜாக்’. பெரும்பாலும் பிரேக்கைக் கழற்றிவிடுவார்கள். இருக்கையை இறக்கி, ஹேண்டில்பாரைக் குட்டையாக்குவார்கள். சரிவில் இறங்கும்போது இருக்கைமேல் குப்புறப் படுத்துக் கால்களைப் பின்னால் நீட்டிக்கொள்வதும் உண்டு.

ஜொகூர் பாருவின் ஜாலான் லிங்காரான் டாலாம் சாலையில், 18 பிப்ரவரி 2017 அதிகாலை, இத்தகைய சைக்கிள் கூட்டத்தின்மீது கார் மோதியதில் எட்டுப் பையன்கள் இறந்தனர். மூத்தவனுக்கே 16 வயதுதான். காரோட்டிக்கு உயர் நீதிமன்றம் 2022இல் விதித்த ஆறாண்டுச் சிறைத்தண்டனையை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 ஏப்ரலில் ரத்துசெய்து அவரை விடுவித்தது.

இந்த வண்டிகளில் மாற்றப்படும் சைக்கிள் வடிவமைப்பு எளிதில் கிடைத்ததல்ல. 1817இல் ஜெர்மனியின் கார்ல் வான் டிரைஸ் உருவாக்கிய மிதியில்லா வண்டியிலேயே முன்சக்கரம் திரும்பியது. சாயும் பக்கம் சக்கரத்தைத் திருப்பினால் வண்டி நிமிரும்; சமநிலையின் அடிப்படை இன்றும் அதுதான். பின்னர் வந்த பெருஞ்சக்கர வண்டியில் ஓட்டுபவர் முன் அச்சுக்கு ஏறக்குறைய நேர்மேலே அமர்ந்ததால், கல் தடுக்கினாலும் தலைகுப்புற விழுந்தார். 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள் ஓட்டுபவரை இரு சக்கரங்களுக்கும் நடுவே கொண்டுவந்தது. லாஜாக்கில் படுத்து ஓட்டும்போது தலை மீண்டும் முன்னே போய்விடுகிறது.

சக்கரச் சுழற்சிதான் சைக்கிளைச் சாயாமல் நிறுத்துகிறது என்று பலர் நம்பினர். 1970இல் ஆய்வாளர் டேவிட் ஜோன்ஸ் எதிர்த்திசையில் சுழலும் சக்கரம் ஒன்றைச் சேர்த்து அந்த விளைவைத் தணித்தார். அப்போதும் வண்டியை ஓட்ட முடிந்தது. திருப்பும் அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னே டயர் தரையைத் தொடுவதே முக்கியம் என்றார். அதுவும் கட்டாயமில்லை என்று 2011இல் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சிறு வண்டியை ஓடவிட்டுக் காட்டினர். வடிவமும் எடைப் பரவலும் வேகமும் சேர்ந்தே சமநிலையைத் தருகின்றன.

வேகமெடுத்ததும் சைக்கிள் தானே நிமிர்ந்து ஓடுவதால், ஓட்டும் பையனுக்கு அது உறுதியாகத் தோன்றுகிறது. ஆனால் உடல் தாழத்தாழ வண்டி விரைவாகச் சாயும். திருத்திக்கொள்ளக் கிடைக்கும் நேரம் குறையும். குட்டை ஹேண்டில்பாரில் கை சிறிது அசைந்தாலும் சக்கரம் அதிகம் திரும்பும். குழியில் இறங்கினால் பிடித்து நிறுத்தும் நெம்புவலுவும் இல்லை. படுத்திருப்பவன் காலூன்றவும் முடியாது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. பிரேக் இல்லாதவனுக்கு மிஞ்சுவது காலணியை டயரிலோ தரையிலோ தேய்ப்பதுதான்.